மேல்கோட்டையில் பியூரின், பிரிமிடின் கற்பிப்பது எப்படி?

இந்தக் கையேடு யாருக்கு

வீட்டில் நீட் எழுதப்போகும் பெண்ணோ பையனோ இருந்து, அந்தப் பிள்ளையின் கையில் புத்தகம் இல்லாத நேரமெல்லாம் தமக்கு மூச்சு முட்டுகிற அப்பா, பெரியப்பா, மாமா, அத்திம்பேர் ஆகியோருக்காக இது எழுதப்பட்டது. பரீட்சைக்கு முன்னால் திருநாராயணனைச் சேவித்துவிட்டு வந்துவிடலாம் என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் படிப்பு கெட்டுவிடுமே என்று நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பீர்கள். இனி அந்தத் தயக்கம் வேண்டாம். சேவையும் ஆகும், உயிர்வேதியியலில் ஒரு பாடமும் ஆகும். பிள்ளையின் நிம்மதி மட்டும்தான் போகும். அது ஏற்கெனவே போனதுதான்.

நடத்த வேண்டிய பாடம்: பியூரினுக்கும் பிரிமிடினுக்கும் உள்ள வேறுபாடு. நடத்த வேண்டிய இடம்: மைசூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், மண்டியா மாவட்டத்து மலையில் இருக்கும் மேல்கோட்டை. இராமானுசர் சோழ நாட்டை விட்டு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் இங்கே தங்கினார் என்பது வைணவ மரபு. கன்னட நாட்டின் நடுவே இருந்தாலும் இங்கே பல ஐயங்கார் வீடுகளில் ஒரு தனித் தமிழ் இன்னும் புழங்குகிறது. ஆகவே நீங்கள் பிள்ளையைத் திட்டினால் தெருவுக்கே புரியும். குரலைத் தாழ்த்திப் பாடம் நடத்துங்கள்.

தேவையானவை

குடை ஒன்று. தண்ணீர் பாட்டில். குறிப்பேடு. யூரிக் அமிலம் ஏறிய உறவினர் ஒருவர். கடைசியில் சொன்னதற்காக எங்கும் அலைய வேண்டியதில்லை. எல்லாக் குடும்பத்திலும் ஓர் அத்திம்பேர் இருக்கிறார். வண்டியில் அவருக்கு முன்சீட்டைக் கொடுத்துவிடுங்கள். காலை நீட்டி உட்காரட்டும். சாயங்காலம் அவர்தான் செய்முறை விளக்கம்.

படி 1: இரண்டு மதிப்பெண்ணைக் காரிலேயே முடித்துவிடுங்கள்

ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டியதும் பாட்டை நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள். பிரிமிடின் என்பது ஒற்றை வளையம். ஆறு மூலைகள், நான்கில் கார்பன், இரண்டில் நைட்ரஜன். அந்த வளையத்தின் ஒரு பக்கத்தோடு ஐந்து மூலை வளையம் ஒன்றையும் ஒட்டிவிட்டால் பியூரின். இரண்டு வளையத்துக்கும் சேர்த்து ஒன்பது அணுக்கள், அவற்றில் நான்கு நைட்ரஜன். மூலக்கூறு எடை பிரிமிடினுக்கு 80, பியூரினுக்கு 120. அடினினும் குவானினும் பியூரின் வீட்டுப் பிள்ளைகள். சைட்டோசின், தைமின், யுராசில் மூன்றும் பிரிமிடின் வீட்டுப் பிள்ளைகள். தைமின் டி.என்.ஏ.வில் இருக்கும், அதன் இடத்தில் ஆர்.என்.ஏ.வில் யுராசில் இருக்கும், மற்ற மூன்றும் இரண்டிலும் உண்டு. சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் கை பியூரினுக்கு ஒன்பதாம் எண் நைட்ரஜன், பிரிமிடினுக்கு முதல் எண் நைட்ரஜன். பெயர் நீளமாக இருப்பது சின்ன மூலக்கூறு, சுருக்கமாக இருப்பது பெரியது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பிள்ளை ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “தெரியும்” என்று சொல்லும். இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மையிலேயே தெரியும். அட்டவணை போட்டு வேறுபடுத்துகிற வித்தையைப் பயிற்சி மையம் எப்போதோ சொல்லிக்கொடுத்துவிட்டது. அந்த அட்டவணையின் கடைசி வரிசையைத்தான் பலரும் எழுதுவதில்லை. பிறக்கும்போதும் இருக்கும்போதும் இவை எப்படி இருக்கின்றன என்பது புத்தகத்தில் இருக்கிறது. வேலை முடிந்து கிளம்பும்போது யார் எப்படிக் கிளம்புகிறார் என்பதில்தான் இரண்டின் சுபாவமும் வெளிப்படும். இன்றைய பயணம் அதற்காக.

படி 2: கல்யாணியில் குனிந்து பாருங்கள்

கல்யாணிக் குளத்தின் படிக்கட்டில் கால் வைத்ததும் உங்கள் தம்பி, 1991இல் வந்த ‘தளபதி’ படத்துக்கு இந்த ஊரில் படப்பிடிப்பு நடந்ததைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். ஒரே படியில் நின்று வெவ்வேறு கோணத்தில் படம் எடுத்துக்கொள்வார். அவரை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போங்கள்.

மீன் கண்ணில் பட்டால் அதன் வெள்ளி மினுமினுப்பைக் காட்டுங்கள். அந்தப் பளபளப்பு குவானின். தோலின் செல்களுக்குள் மெல்லிய படிகத் தகடுகளாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் குவானின், வெளிச்சத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்புகிறது. மீன் செதிலிலிருந்து எடுக்கும் இதே பொருள்தான் முத்துப் பளபளப்புள்ள நகப்பூச்சுகளுக்கும் போயிருக்கிறது. டி.என்.ஏ.வில் எழுத்தாக உட்கார்ந்திருக்கும் அதே குவானின்தான் இது.

இங்கே குறிப்பேட்டில் எழுத வேண்டியது ஒரே வரி: குவானின் தண்ணீரில் சுலபத்தில் கரையாது, விட்டால் படிகமாகிவிடும். மீனுக்கு அது அலங்காரம். மனிதனுக்கு என்ன என்பதை முன்சீட்டில் இருப்பவர் பிறகு சொல்வார்.

மீன் எதுவும் தென்படாவிட்டால் கவலை வேண்டாம். கோபுரத்தில் புறா நிச்சயம் இருக்கும்.

படி 3: மூச்சு வாங்கும்போது கேள்வி கேளுங்கள்

அடுத்தது யோக நரசிம்மர் மலை. முந்நூறுக்கு மேற்பட்ட படிகள். கேள்வி கேட்க உகந்த நேரம் பாதி வழி. பதில் சொல்லப் பிள்ளைக்கு மூச்சு இருக்காது. ஆகையால் விடையையும் நீங்களே சொல்லும் சந்தோஷம் கிடைக்கும்.

ஒவ்வொரு படிக்கும் கால் தசை செலவழிக்கும் காசு ஏ.டி.பி. அதன் தலையில் இருப்பது அடினின், அதாவது பியூரின். இந்தக் காசைக் கண்டெடுத்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர் என்பதை இந்த இடத்தில் விட்டுவிடக் கூடாது. எல்லப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர். கதர் உடுத்தி வகுப்புக்குப் போய் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானவர். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். என்ற சிறிய சான்றிதழோடு வெளியே வந்தார். 1923இல் ஹார்வர்டு போனார். 1929இல் சைரஸ் ஃபிஸ்க்கோடு சேர்ந்து தசையிலிருந்து ஏ.டி.பி.யைப் பிரித்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமான் தனியாக அதையே கண்டுபிடித்தார். மதிப்பெண் குறைந்தவர் கதையை நீட் பிள்ளையிடம் சொல்லலாமா என்று யோசிப்பீர்கள். சொல்லுங்கள். இந்தக் கையேட்டில் அந்தப் பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கும் இடம் இது ஒன்றுதான்.

பியூரினே எல்லா வேலையும் செய்கிறதென்றால் பிரிமிடின் எதற்கு என்று பிள்ளை கேட்டால், பலே, பாடம் ஏறுகிறது. காலையில் தின்ற இட்லி குளுக்கோஸாகி, கிளைக்கோஜனாகத் தசையில் சேமிக்கப்பட்டதே, அந்தச் சேமிப்புக்குக் குளுக்கோஸைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனது யு.டி.பி. அதில் இருப்பது யுராசில், பிரிமிடின். இதைக் கண்டறிந்த அர்ஜென்டினாவின் லூயிஸ் லெலுவார் 1970இல் நோபல் பரிசு பெற்றார். செல்லைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வைக் கட்டுவதற்குச் சி.டி.பி. வேண்டும். அதில் இருப்பது சைட்டோசின், அதுவும் பிரிமிடின். சேர்த்து வைக்கப் பிரிமிடின், செலவழிக்கப் பியூரின். உங்கள் வீட்டில் இந்த இரண்டு வேலையையும் யார் யார் செய்கிறார்கள் என்ற ஆராய்ச்சியை மலைப்படியில் தொடங்க வேண்டாம்.

படி 4: உச்சியில் குடையை விரியுங்கள்

மேலே போய்ச் சேரும்போது உச்சி வெயிலாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் இரண்டு பாடங்கள் இலவசம்.

முதல் பாடம் தோலில். வெயிலில் இருக்கும் புற ஊதாக்கதிர் பட்டால் டி.என்.ஏ. இழையில் அக்கம்பக்கத்தில் இருக்கும் இரண்டு பிரிமிடின்கள், அதிலும் தைமின்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். ஒட்டிய இடத்தில் எழுத்தைப் படிக்க முடியாமல் நகலெடுக்கும் நொதி தடுமாறும். பியூரின்கள் பெரும்பாலும் இந்த வம்புக்குப் போவதில்லை. ஒட்டிய துண்டை வெட்டியெடுத்துப் புதிதாக நிரப்பும் ஒட்டுப்பட்டறை நம் செல்களில் இரவு பகலாக நடக்கிறது. அதன் வேலைமுறையை விளக்கியதற்காக அஸீஸ் சன்ஜார் 2015இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பட்டறை இருக்கிறதே என்று குடையை மடக்கிவிடக் கூடாது. பட்டறைக்கும் ஓர் அளவு உண்டு.

இரண்டாம் பாடம் கோபுரத்தில். புறா எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். அது பியூரின் வளையத்தின் கடைசி வடிவம். நாம் நைட்ரஜன் கழிவை யூரியாவாக்கித் தண்ணீரில் கரைத்து அனுப்புகிறோம். பறவை அப்படித் தண்ணீரைச் சுமந்துகொண்டு பறக்க முடியாது. கழிவை வேண்டுமென்றே பியூரினாகக் கட்டி, கரையாத பசையாகத் தள்ளிவிடுகிறது.

முகத்தைச் சுளிக்கும் பிள்ளையிடம், இந்த எச்சத்திலிருந்துதான் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கமே வந்தது என்று சொல்லுங்கள். பியூரின் வளையத்தின் ஒன்பது அணுக்களும் உடலில் எங்கிருந்து வருகின்றன என்று 1940களில் யாருக்கும் தெரியவில்லை. ஜான் புக்கானனும் கூட்டாளிகளும் அடையாளமிட்ட கார்பன் உள்ள பொருள்களைப் புறாக்களுக்குக் கொடுத்தார்கள்; எச்சத்திலிருந்த யூரிக் அமிலத்தை ஒவ்வொரு அணுவாகப் பிரித்து, எந்தப் பொருளிலிருந்த கார்பன் எந்த மூலைக்கு வந்திருக்கிறது என்று பார்த்தார்கள். கோபுரத்தைத் தலைநிமிர்ந்து பார்க்கும்போது வாயை மூடிக்கொள்வது நல்லது.

படி 5: வரிசையில் நிற்கும்போது ஜோடி சேருங்கள்

கீழே இறங்கித் திருநாராயணன் சந்நிதிக்கு வந்தால் வரிசை இருக்கும். உற்சவ நாளென்றால் நீளமான வரிசை. பிள்ளையால் தப்பித்து ஓட முடியாது என்பதால் இதுதான் வகுப்பறைக்கு மிக நெருங்கிய இடம்.

எர்வின் சார்காஃப் 1950 வாக்கில் பல உயிர்களின் டி.என்.ஏ.வை அளந்து பார்த்து, அடினின் எவ்வளவோ அவ்வளவு தைமின், குவானின் எவ்வளவோ அவ்வளவு சைட்டோசின் என்று கண்டார். அதாவது பியூரின் மொத்தமும் பிரிமிடின் மொத்தமும் சரிக்குச் சரி. ஏன் என்று அவருக்குப் புலப்படவில்லை. ஜேம்ஸ் வாட்சன் முதலில் அடினினை அடினினோடும் குவானினைக் குவானினோடும் சேர்த்துப் பார்த்தார். இரண்டு பியூரின் எதிரெதிரே வந்தால் இழை அங்கே புடைத்தது; இரண்டு பிரிமிடின் வந்தால் ஒடுங்கியது. அவர் வைத்திருந்த வடிவங்களில் ஹைட்ரஜன் தவறான இடத்தில் இருப்பதாக, அதே அறையில் உட்கார்ந்திருந்த ஜெர்ரி டோனஹியூ சொன்னார். வடிவத்தைத் திருத்தி, பெரியதைச் சின்னதோடு சேர்த்ததும் எல்லா ஜோடியும் ஒரே அகலத்துக்கு வந்து நின்றன. அடினின் தைமினை இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பாலும், குவானின் சைட்டோசினை மூன்றாலும் பிடித்துக்கொண்டன. 1953 ஏப்ரல் 25 நேச்சர் இதழில் கட்டுரை வந்தது.

பிள்ளை இதையும் படித்திருக்கும். படித்திருக்க வாய்ப்பில்லாத ஒன்றைச் சொல்லுங்கள். இந்த ஜோடியை அணு அணுவாகத் தெரியும் அளவுக்குப் படிகத்தில் பார்த்தவர்களில் மேல்கோட்டைக்கு அருகிலிருந்தவர்கள் உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எம். ஏ. விஸ்வமித்ரா, கேம்பிரிட்ஜின் ஓல்கா கென்னார்டு முதலியோரோடு சேர்ந்து, அடினினும் தைமினும் மாறி மாறி வரும் நான்கெழுத்து டி.என்.ஏ. துண்டின் படிக அமைப்பை 1978இல் நேச்சரில் வெளியிட்டார். அதே கழகத்தில் வி. சசிசேகரன், டி.என்.ஏ. முழுக்க வலப்பக்கமே சுருண்டிருக்க வேண்டியதில்லை, இடப்பக்கச் சுருளும் கலந்து வரலாம் என்று 1970களில் மாதிரி போட்டு வாதாடிக்கொண்டிருந்தார். கோயிலில் வலம் வரும்போது இந்த வாதத்தைச் செய்துகாட்ட முயல வேண்டாம்.

படி 6: வைரமுடியைக் கொண்டு விளக்குங்கள்

பங்குனியில் வைரமுடி சேவைக்குப் போனவர்களுக்கு இந்தப் படி சுலபம். வைரமுடி ஆண்டு முழுக்க மண்டியா கருவூலத்தில் இருக்கும். அந்த ஒரு நாள் காவலோடு ஊர்வலமாக மேல்கோட்டைக்கு வந்து, இரவு உற்சவர் செல்வப்பிள்ளையின் திருமுடியில் ஏறும். முடி வேறிடத்தில் முழுசாக இருந்தது, வந்து அமர்ந்தது, அவ்வளவுதான். மாலையும் ஆபரணமும் அப்படியல்ல. திருமேனியின் மீதே ஒவ்வொன்றாகச் சாத்திச் சாத்தி அலங்காரம் உருவாகிறது.

பிரிமிடின் வைரமுடி வழி. அஸ்பார்ட்டேட்டும் கார்பமாயில் பாஸ்பேட்டும் சேர்ந்து வளையம் முதலில் தனியாக முழுசாகிவிடும். ஓரோட்டேட் என்று பெயர். பால் திரிந்த தெளிநீரிலும் இது இருக்கிறது. அதற்குப் பிறகுதான் வளையம் வந்து ரைபோஸ் சர்க்கரையில் உட்காரும். பியூரின் அலங்கார வழி. சர்க்கரைதான் முதலில், அதன் மேலேயே நைட்ரஜனும் கார்பனும் ஒவ்வொன்றாக ஏறும். கிளைசின் முழு உருப்படியாக வந்து மூன்று மூலைகளை நிரப்பும். குளூட்டமின் இரண்டு நைட்ரஜன், அஸ்பார்ட்டேட் ஒரு நைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு ஒரு கார்பன். மிச்சமிருக்கும் இரண்டு கார்பனை ஃபோலிக் அமிலம் சுமந்துவந்து கொடுக்கும். மொத்தம் ஒன்பது.

ஃபோலிக் அமிலம் என்றதும் மலைப்படியில் சந்தித்த சுப்பாராவ் திரும்ப வருகிறார். 1940இல் லெடர்லே நிறுவனத்துக்கு மாறிய அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. அதன் போலியையும் தயாரித்தது. போலி போனால் பியூரினுக்குக் கார்பன் வராது, தைமினுக்கும் மெத்தில் வராது. பெருகத் துடிக்கும் செல் திகைத்து நின்றுவிடும். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரின் என்ற அந்தப் போலியை ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதை 1948இல் அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அந்தக் குடும்பத்து மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் மருந்துக்கடையில் இருக்கிறது.

படி 7: பிரசாதத்தைப் பகுத்தறிந்து சாப்பிடுங்கள்

மேல்கோட்டைக்குப் போய்ப் புளியோதரை சாப்பிடாமல் வருவது மகாபாவம். சாப்பிடும்போது பாடம் நடத்துவது அதற்கு அடுத்த பாவம். இருந்தாலும் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

புளியோதரையில் விழும் வேர்க்கடலையிலும் எள்ளிலும் தயமின் என்ற பி1 வைட்டமின் உண்டு. அதன் உடம்பில் ஒரு பிரிமிடின் வளையம் இருக்கிறது. தைமின் வேறு, தயமின் வேறு. விடைத்தாளில் கால் மாத்திரை தவறினாலும் ஒரு மதிப்பெண் போய்விடும். சாதத்திலும் தயமின் இருந்திருக்க வேண்டியது. வெள்ளை வெளேரென்று தீட்டிய மில்லில் தவிட்டோடு போய்விட்டது. வேர்க்கடலையில் ஓரளவு பியூரினும் உண்டு. எள்ளுக்குள் ஒன்றைத் தேடி, கடலைக்குள் இன்னொன்றைத் தேடி, இலையில் பிரித்து வைக்கச் சொல்லாதீர்கள். பாட்டி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்து சர்க்கரைப் பொங்கல். மண்டியா கரும்பு மாவட்டம். மைசூர் சர்க்கரை ஆலை 1933இல் வந்தது அங்கேதான். வெல்லத்தில் சொல்லும்படியாகப் பியூரின் இல்லை. ஆனாலும் அது யூரிக் அமிலத்தைக் கூட்டும். வெல்லத்தில் இருக்கும் சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அது ஈரலுக்குள் வந்ததும் ஈரல் கணக்குப் பார்க்காமல் ஏ.டி.பி.யைச் செலவழித்து அதற்கு பாஸ்பேட் ஒட்டும். கையிருப்பு கரைந்ததும் மிஞ்சிய அடினின் சரக்கு உடைந்து யூரிக் அமிலமாகும். வாய்க்குள் பியூரின் போகாமலேயே பியூரின் கழிவு வெளியே வருகிற மாயம் இது. இரண்டாவது தொன்னைக்குக் கை நீட்டும் அத்திம்பேரை இந்த விஷயத்தைச் சொல்லித் தடுக்கலாம். தடுத்தாலும் அவர் கேட்கப்போவதில்லை.

கடைசியாகக் காபி. காஃபீன் ஒரு பியூரின்தான். பியூரின் சட்டத்தில் மூன்று மெத்தில் வைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே காபி குடித்தால் மூட்டுவலி வரும் என்று யாராவது பேச ஆரம்பித்தால் நிறுத்துங்கள். காஃபீன் உடைந்து மெத்தில் ஒட்டிய வேறு யூரிக் அமிலங்களாகப் போகிறது. மூட்டில் படிவது அது இல்லை. அமெரிக்காவில் ஆண்களை நீண்டகாலம் தொடர்ந்து பார்த்த ஆய்வில் நிறையக் காபி குடித்தவர்களுக்கு யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுநோய் குறைவாகவே வந்ததாக 2007இல் எழுதினார்கள். டிகாக்‌ஷன் இரண்டாந்தரமாக இருந்தால் மட்டும் புகார் செய்யலாம்.

படி 8: அத்திம்பேரைப் பயன்படுத்துங்கள்

இப்போது அட்டவணையின் கடைசி வரிசைக்கு வந்துவிட்டோம். ஒரு பிரிமிடினின் வேலை முடிந்ததும் உடல் அதன் வளையத்தை உடைத்துத் திறந்துவிடும். சைட்டோசினும் யுராசிலும் பீட்டா அலனினாக மாறும், கூடவே அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் வரும். தைமினுக்கும் ஏறக்குறைய இதே பாதை. எல்லாம் தண்ணீரில் கரைகிறவை. எங்கே போனது என்று யாரும் தேடுவதில்லை.

பியூரினின் வளையத்தை மனித உடலால் உடைக்க முடியாது. அடினினும் குவானினும் சாந்தின் வரை வந்து, சாந்தின் ஆக்சிடேஸ் என்ற நொதியால் யூரிக் அமிலமாகி அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலான பாலூட்டிகளிடம் யூரிகேஸ் என்ற நொதி இருக்கிறது. அது யூரிக் அமிலத்தை இன்னும் கரையக்கூடிய பொருளாக மாற்றிவிடும். நம் குரங்குவழி முன்னோரிடம் அந்த மரபணு பழுதாகிவிட்டது. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 7 மில்லிகிராம் அளவைத் தாண்டினால் யூரிக் அமிலம் கரைந்திருக்க இடமில்லாமல் படிகமாக ஆரம்பிக்கும். குளிர்ந்த, கடைக்கோடி மூட்டாகப் பார்த்து உட்காரும். பெரும்பாலும் கால் கட்டைவிரல். கல்யாணியில் மீனுக்கு வெள்ளிச் சட்டை போட்டுவிட்ட குணம் இங்கே அத்திம்பேரின் காலில் ஊசியாகக் குத்துகிறது.

அவர் தினமும் விழுங்கும் மாத்திரை அலோபியூரினால் என்றால் அதையும் கையில் வாங்கிக் காட்டுங்கள். அது பியூரின் மாதிரியே தோற்றம் கொண்டு, சாந்தின் ஆக்சிடேஸின் வேலையிடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். முள்ளை முள்ளால் எடுக்கும் இந்த யோசனை கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் இருவருடையது. 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். எலியனிடம் முனைவர் பட்டம் கிடையாது. மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

*பருப்பிலும் கீரையிலும் பியூரின் இருக்கிறதாமே, அத்திம்பேர் சாம்பாரை நிறுத்த வேண்டுமா?* 47,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து, 2004இல் வெளியான ஆய்வில் இறைச்சியும் கடலுணவும் அந்த மூட்டுநோய் வரும் ஆபத்தைக் கூட்டின. பியூரின் மிகுந்த காய்கறிகள் கூட்டவில்லை. பால் பொருள்கள் குறைத்தன. ஆகவே தயிர்சாதத்துக்கு ஆட்சேபணை இல்லை. மருந்தைப் பற்றிய முடிவை மருத்துவரிடம் விடுங்கள், உங்கள் மாமாவிடம் வேண்டாம்.

*ஓர் எழுத்து தவறிப்போனால் எது எதாக மாறும்?* பியூரின் பியூரினாகவோ, பிரிமிடின் பிரிமிடினாகவோ மாறுவதுதான் இயற்கையில் அதிகம் நடக்கிறது. வீடு விட்டு வீடு தாவுவது குறைவு. எண்ணிக்கையில் பார்த்தால் தாவுவதற்குத்தான் வழிகள் இரண்டு மடங்கு. இருந்தும் உள்வீட்டு மாற்றமே கூடுதல்.

*அப்படியானால் பியூரின் கெட்டது, பிரிமிடின் நல்லதா?* இந்தக் கேள்வியைப் பிள்ளை கேட்காது, பெரியவர்கள்தான் கேட்பார்கள். ஒன்று இல்லாமல் மற்றது ஒரு ஜோடிகூடப் போட முடியாது என்று ஐந்தாம் படியில் சொன்னோம். போகும்போது தொந்தரவு கொடுத்துவிட்டுப் போவதால் இருந்தபோது செய்த வேலை பொய்யாகிவிடாது.

படி 9: திரும்பும் வழியில் செய்ய வேண்டியது

ஜக்கனஹள்ளி தாண்டும் முன்பே பிள்ளை தூங்கிவிடும். மறுபடி ஒருமுறை ஒப்பிக்கச் சொல்லி எழுப்பலாமா என்று உங்கள் கை பரபரக்கும். எழுப்பாதீர்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளை செலவழித்த ஏ.டி.பி.யிலிருந்து அடினோசின் சேர்ந்துகொண்டே வருகிறது. அது ஏறும்போது ஒருவகை நரம்பணு ஏற்பிகளில் உட்கார்ந்து, போதும், படு என்கிறது. அடினோசினில் இருப்பது அடினின், பியூரின்தான். நீங்கள் மத்தியானம் குடித்த காபியின் காஃபீனும் பியூரின் என்பதால் அதே ஏற்பியில் போய் உட்கார்ந்து அடினோசினை வெளியே நிற்க வைத்திருக்கிறது. அதனால்தான் உங்களுக்குத் தூக்கம் வராமல் பிள்ளையைப் படுத்தத் தோன்றுகிறது.

யாரிடமாவது கேள்வி கேட்டே ஆக வேண்டுமென்றால் முன்சீட்டில் இருப்பவரைக் கேளுங்கள். இரண்டாம் தொன்னைச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட மனிதர். கட்டைவிரல் வலி ராத்திரியில்தான் ஆரம்பிக்கும் என்பதால் எப்படியும் விழித்துக்கொண்டுதான் இருப்பார்.